ஜெனரேட்டர் எவ்ளோ தாங்கும், நீங்க எவ்ளோ ஏத்துறீங்க?

போன இதழ்ல போர்ட்டபிள் ஜெனரேட்டர் வாங்குறது பத்தி எழுதுறப்ப "உங்க லோடு என்னனு அளந்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க"னு ஒரு வரி வந்துச்சு. இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல அந்த ஒரு வரியைப் பத்திதான். அதனால இந்தத் தடவ வேற எதையும் எடுக்கல, முழுக்க லோடு அளக்குறது மட்டும்தான். கீழ வர்ற கணக்கு எல்லாமே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு, வேற வோல்ட்டேஜ் இருக்கிற நாட்டுல இருந்து படிக்கிறவங்க ஆம்பியரை அதுக்கேத்த மாதிரி மாத்திப் போட்டுக்கோங்க.

கேள்வி: சார், என்கிட்ட 2.5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கு. ஃப்ரிட்ஜ் 150, நாலு ஃபேன் 300, லைட்டு எல்லாம் சேர்த்து 60, டிவி 100, அரை எச்பி தண்ணி மோட்டார் 373, மொத்தம் கூட்டினா 1000 வாட்ஸ் கூட தாண்டல. ஆனா எல்லாம் ஓடிட்டிருக்கிறப்ப மோட்டார் சுவிட்ச் போட்டா ஜெனரேட்டர் திணறுது, சில நேரம் அணைஞ்சே போயிடுது. கணக்குல எங்க தப்பு?

கூட்டல்ல தப்பு இல்ல சார், கூட்டின நம்பர்ல தான் தப்பு. மோட்டார் பிளேட்ல அரை எச்பி, 0.37 கிலோவாட்னு போட்டிருக்கே, அது மோட்டார் இழுக்கிற கரண்டோட கணக்கு கிடையாது, மோட்டார் ஷாஃப்ட் வெளிய குடுக்கிற வேலையோட கணக்கு. சின்ன சிங்கிள் பேஸ் மோட்டார்ல உள்ள போற கரண்ட்ல கிட்டத்தட்ட 60 சதவீதம்தான் வேலையா வெளிய வரும், மிச்சம் சூடா போயிடும். அப்ப 373 வாட்ஸ் வெளிய வரணும்னா உள்ள 600 வாட்ஸ் பக்கம் போகணும். அதோட முடியல, மோட்டாரோட பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வர்ற விஏ-ல எவ்ளோ பங்கு வாட்ஸா கணக்காகுதுங்கிற நம்பர், 0.75 மாதிரி இருக்கும், அதால வகுத்தா 800 விஏ (ஆயிரம் விஏ ஒரு கேவிஏ), அதாவது மூன்றரை ஆம்பியர். நீங்க எழுதி வெச்ச 373-ஐ விட ரெண்டு மடங்குக்கு மேல.

இதுவும் ஓடிட்டிருக்கிறப்ப எடுக்கிறதுதான். சுவிட்ச் போடுற அந்த நொடில நின்னுட்டிருக்கிற மோட்டார் 4-ல இருந்து 6 மடங்கு வரைக்கும் கரண்ட் கேக்கும். 5 மடங்குன்னே வெச்சுக்கோங்க, 17 ஆம்பியருக்கு மேல போகுது. உங்க 2.5 கேவிஏ மொத்தமா குடுக்கக்கூடியதே 11 ஆம்பியர்தான், அதுலயும் ஃபேனு, டிவி, ஃப்ரிட்ஜ்னு ஏற்கனவே பங்கு போட்டுட்டு உக்காந்திருக்கு. கேட்டது கிடைக்கலைன்னா வோல்ட்டேஜ் விழும், வோல்ட்டேஜ் விழுந்தா மோட்டாரோட திருப்புற சக்தி அதோட வர்க்கத்துல குறையும், 230 வர வேண்டிய இடத்துல 160 வந்தா பாதி சக்திதான் இருக்கும். பாதி சக்தில மோட்டார் கிளம்பாது, கிளம்பாத வரைக்கும் அந்த ஸ்டார்ட்டிங் கரண்டையே இழுத்துட்டு நிக்கும், அதுதான் நீங்க கேக்குற திணறல் சத்தம். இதே மோட்டாரை வேற எதுவும் ஓடாதப்ப தனியா போட்டுப் பாருங்க, பெரும்பாலும் கிளம்பிடும். அதனால வரிசையை மாத்துங்க, மொதல்ல மோட்டார், அது ஓடி நிதானமானதும் ஃப்ரிட்ஜ், அதுக்கப்புறம் மத்ததெல்லாம். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரும் ஒரு மோட்டார்தான், அது தானா அணைஞ்சு தானா கிளம்புற ஆளு, நீங்க தண்ணி மோட்டார் போடுற அதே நேரத்துல அதுவும் கிளம்பினா ரெண்டு ஸ்டார்ட்டிங்கும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும், அதனாலதான் "சில நேரம்" மட்டும் அணையுதுனு எழுதியிருக்கீங்க.

இன்னொண்ணும் பாருங்க, பிளேட்ல இருக்கிற அந்த 2.5 மேக்ஸிமமா ரேட்டடான்னு. மேக்ஸிமம்னா கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தாங்குறது, மணிக்கணக்கா ஓட்டுறதுக்கு ரேட்டட் நம்பர்தான் கணக்கு, அது 2.2 மாதிரி கம்மியா இருக்கும். பெட்டி மேல பெருசா அச்சடிக்கிறது பெரும்பாலும் மேக்ஸிமம் நம்பர்தான்.

கேள்வி: கிளாம்ப் மீட்டர் வாங்கினேன், ஜெனரேட்டர்ல இருந்து வர்ற ஒயர்ல மாட்டினா 0.0-னே காட்டுது. ஜெனரேட்டர்ல இஸ்திரிப்பெட்டியே ஓடுது. மீட்டர் டூப்ளிகேட்டா?

மீட்டர் நல்லாதான் இருக்கு. கிளாம்ப் மீட்டர்னா ஒயரை வெட்டாம, இடுக்கி மாதிரி இருக்கிற வாய்க்குள்ள விட்டு ஆம்பியர் பாக்குற கருவி. நீங்க முழு கேபிளையும் சேர்த்து வாய்க்குள்ள விட்டிருக்கீங்க. பேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்டும் சம அளவுல எதிர் எதிர் திசைல ஓடுது, ரெண்டோட காந்தப்புலமும் ஒண்ணை ஒண்ணு அடிச்சிடுது, மீட்டருக்குத் தெரியறது பூஜ்யம். ஒரே ஒரு ஒயரைத்தான் வாய்க்குள்ள விடணும், பேஸ் இல்லன்னா நியூட்ரல், ஏதாவது ஒண்ணு. பச்சை எர்த் ஒயரைப் பிடிச்சா எதுவும் வராது, அங்க ஏதாவது வந்துச்சுன்னா லோடு அளக்குறதை விட்டுட்டு மொதல்ல லீக்கேஜ் எங்கன்னு தேடுங்க.

இதுக்காக வீட்டு ஒயரைக் கிழிக்க வேணாம். ஒரு அடி, ரெண்டு அடில ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் பண்ணிக்கோங்க, நடுவுல மேல் உறையை மட்டும் கொஞ்ச தூரத்துக்கு எடுத்துட்டா உள்ள மூணு ஒயரும் தனித்தனியா வெளிய தெரியும், உள் ஒயர் மேல இருக்கிற இன்சுலேஷன்ல கத்தி படவே கூடாது. கைவேலை பயம்னா லைன் ஸ்ப்ளிட்டர்னே ரெடிமேடா கிடைக்குது. அதை ஜெனரேட்டர் சாக்கெட்ல சொருகிட்டு மொத்த வீட்டு லோடையும் அது வழியா எடுங்க. ஒவ்வொரு பொருளா தனித்தனியா அளந்து கூட்டுறதை விட ஜெனரேட்டர் வாசல்லயே அளக்குறதுதான் என் கட்சி, ஏன்னா ஜெனரேட்டர் எதைச் சுமக்குதுன்னு அங்கதான் தெரியும்.

இப்ப ரீடிங்கை என்ன பண்றது? ஆம்பியரையும் அதே நேரத்துல சாக்கெட்ல இருக்கிற வோல்ட்டேஜையும் பெருக்குங்க. 7.2 ஆம்பியர், 222 வோல்ட்னா கிட்டத்தட்ட 1600. இது வாட்ஸ் இல்ல, விஏ. ரேட்டட் 2.2 கேவிஏ ஜெனரேட்டர்ல இது 73 சதவீதம், நிம்மதியா ஓட்டலாம். நீண்ட நேரம் ஓட்டுறவங்க 75, 80 சதவீதத்துல நிறுத்திக்கிறது நல்லது.

வாட்ஸா விஏவான்னு நிறைய பேருக்குக் குழப்பம், இங்கயே சொல்லிடுறேன். ஜெனரேட்டர்ங்கிறது ரெண்டு மெஷின் ஒட்டிக்கிட்டு இருக்கிறது, ஒரு இன்ஜின், அது சுத்தி விட கரண்ட் தயாரிக்கிற ஒரு ஆல்டர்னேட்டர். இன்ஜினுக்கு வாட்ஸ்தான் சுமை, அது எரிக்கிற பெட்ரோல் வாட்ஸாதான் வெளிய வருது. ஆல்டர்னேட்டர் காயிலுக்கு ஆம்பியர்தான் சுமை, அந்த ஆம்பியர் வேலை செய்யுதா சும்மா போயிட்டுத் திரும்பி வருதான்னு காயிலுக்குத் தெரியாது, சூடாயிடும். ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி மாதிரி லோடுல ரெண்டும் ஒண்ணுதான். மோட்டார், மலிவான எல்ஈடி பல்பு, சார்ஜர் இதெல்லாம் வந்தா விலகிப் போகும், 9 வாட்ஸ்னு போட்ட பல்பு பவர் ஃபேக்டர் 0.5 இருந்தா 18 விஏ எடுக்கும். ரெண்டு கணக்குல எது மொதல்ல எல்லையைத் தொடுதோ அங்க நிறுத்தணும். வீட்டு லோடுல பெரும்பாலும் விஏதான் முந்தும், அதனால கிளாம்ப் மீட்டர் மட்டும் வெச்சே ஒப்பேத்திடலாம்.

மீட்டர் இனிமேதான் வாங்கப் போறவங்களுக்கு ரெண்டு விஷயம். ட்ரூ ஆர்எம்எஸ்னு போட்டிருக்கிறதா வாங்குங்க. சாதா மீட்டர் அலை சுத்தமான சைன் வடிவத்துல வருதுன்னு நம்பிக் கணக்குப் போடுது, கம்ப்யூட்டர், எல்ஈடி, இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ் இதெல்லாம் கரண்டை ஊசி ஊசியா பிடுங்கி எடுக்கும், அங்க சாதா மீட்டர் 30, 40 சதவீதம் வரைக்கும் கம்மியா காட்டலாம். ரெண்டாவது, இன்ரஷ் பட்டன் இருந்தா ரொம்ப நல்லது, மேல முதல் கேள்வில பார்த்த அந்த ஸ்டார்ட்டிங் கரண்டைப் பிடிச்சு வெச்சுக் காட்டுறது அதுதான். சாதாரண டிஸ்பிளே நொடிக்கு ரெண்டு மூணு தடவதான் மாறும், அதுக்குள்ள ஸ்டார்ட்டிங் வந்துட்டுப் போயிடும். சின்ன லோடு, 0.3 ஆம்பியர் மாதிரி அளக்கணும்னா அந்த ஒத்தை ஒயரை வாய்க்குள்ள 10 சுத்து சுத்திட்டு வர்ற ரீடிங்கை 10-ஆல வகுத்துக்கோங்க.

கேள்வி: சொருகு டைப் வாட் மீட்டர் ஒண்ணு இருக்கே, சுவத்துல சொருகி அதுமேல ஃப்ரிட்ஜைச் சொருகுறது, அது போதாதா? நான் கரண்ட் ஒயரை எல்லாம் தொட மாட்டேன்பா.

தொடாதவங்களுக்கு அதுதான் சரி. வோல்ட்டேஜ், ஆம்பியர், வாட்ஸ், பவர் ஃபேக்டர் எல்லாம் தனித்தனியா காட்டும், பவர் ஃபேக்டர் காட்டுற விஷயத்துல சாதா கிளாம்ப் மீட்டரை விட இது மேல. ஆனா 10 ஆம்பியரோ 16 ஆம்பியரோ தாண்டக் கூடாதுன்னு அது மேலயே எழுதியிருக்கும், அதை மதிங்க, பெரிய மோட்டாரை அது வழியா கிளப்பாதீங்க. ஸ்டார்ட்டிங்கை இதுவும் பிடிக்காது.

ஃப்ரிட்ஜை அளக்குறவங்க அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு 130 வாட்ஸ்னு எழுதி வெச்சிடாதீங்க. ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ்னா உள்ள ஐஸைக் கரைக்க ஒரு ஹீட்டர் இருக்கு, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ ஓடும், ஓடுறப்ப கம்ப்ரசரை விட அதிகமா கூட இழுக்கலாம். ஒரு முழு நாள் மீட்டரை மாட்டி விட்டுட்டு மேக்ஸிமம் என்னன்னு பாருங்க, அதைக் கணக்குல எடுங்க.

கேள்வி: எந்த மீட்டரும் வாங்காம அளக்க வழி இருக்கா?

இருக்கு, காசே செலவில்ல, வீட்டு கரண்ட் மீட்டர் இருக்கே. ஆனா ஜெனரேட்டர் ஓடுறப்ப இல்ல, மெயின் கரண்ட் இருக்கிறப்ப செய்யணும். ஜெனரேட்டர்ல எதெல்லாம் ஓட்டப் போறீங்களோ அதை மட்டும் போடுங்க, மிச்சத்தை அணைச்சிடுங்க, மறந்துபோய் கீசர் ஆன்ல இருந்தா கணக்கே நாறிடும். டிஜிட்டல் மீட்டர்ல ஒரு சின்ன சிவப்பு லைட்டு விட்டு விட்டு மின்னும், அதுக்குப் பக்கத்துல 3200, 1600 மாதிரி ஒரு நம்பர் இருக்கும், ஒரு யூனிட்டுக்கு அத்தனை மின்னல்னு அர்த்தம். 3200 மீட்டர்ல நொடிக்கு ஒரு மின்னல்னா லோடு 1125 வாட்ஸ். 10 மின்னலுக்கு எத்தனை நொடி ஆகுதுன்னு ஃபோன் ஸ்டாப்வாட்ச்ல பாருங்க, முதல் மின்னலைப் பூஜ்யம்னு ஆரம்பிச்சு எண்ணணும், ஒண்ணுன்னு ஆரம்பிக்கிறவங்கதான் அதிகம். 12 நொடி ஆச்சுன்னா 1125-ஐ 10-ஆல பெருக்கி 12-ஆல வகுங்க, 937 வாட்ஸ் சொச்சம். உங்க மீட்டர் 1600-ன்னா 1125-க்குப் பதில் 2250 போடுங்க.

கிடைக்கிறது வாட்ஸ்தான், விஏ இல்ல. மோட்டாரும் எல்ஈடியும் நிறைய இருந்தா மேல ஒரு கால் பங்கு சேர்த்து வெச்சுக்கோங்க. ஸ்டார்ட்டிங்கைப் பத்தி இது வாயே திறக்காது.

கேள்வி: என் ஜெனரேட்டர்ல மல்ட்டிமீட்டர் வெச்சுப் பார்த்தா 52 ஹெர்ட்ஸ் காட்டுது. 50 தானே இருக்கணும்? மெக்கானிக்கைக் கூப்பிடவா?

வேணாம், லோடு எதுவும் இல்லாமதானே பார்த்தீங்க? அப்ப 52 சரிதான். சாதாரண ஜெனரேட்டர் 3000 ஆர்பிஎம்ல ஓடினா 50 ஹெர்ட்ஸ் வரும், லோடு ஏற ஏற இன்ஜின் கொஞ்சம் வேகம் குறையும், வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னர்ங்கிற பாகம் ஆக்சிலேட்டரைத் திறந்து பிடிச்சு நிறுத்தும், ஆனா முழுசா பழைய வேகத்துக்குக் கொண்டுவராது. அதுக்காகத்தான் காலியா இருக்கிறப்ப 52 பக்கம் செட் பண்ணி, ஃபுல் லோடுல 50 வர்ற மாதிரி வெச்சிருப்பாங்க.

இதுல ஒரு லாபம் இருக்கு, ஹெர்ட்ஸே உங்களுக்கு லோடு மீட்டர் மாதிரி வேலை செய்யும். காலியா என்ன காட்டுது, பாதி லோடுல என்ன, முக்கால்ல என்னன்னு ஒரு தடவ கிளாம்ப் மீட்டரோட சேர்த்து எழுதி ஜெனரேட்டர் மேலயே ஒட்டிடுங்க, அப்புறம் ஹெர்ட்ஸ் மட்டும் பார்த்தாலே போதும். 48, 49-க்குக் கீழ இறங்கி அங்கயே நின்னுட்டா ஓவர்லோடு. கிளாம்ப் மீட்டர்ல ஆம்பியர் கம்மியா இருக்கிறப்பவே ஹெர்ட்ஸ் இப்படி விழுதுன்னா இன்ஜின்ல கோளாறு, ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கலாம், கார்புரேட்டர்ல அழுக்கு இருக்கலாம், அப்ப மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. இன்வெர்ட்டர் டைப் ஜெனரேட்டர்ல மட்டும் இந்த வித்தை செல்லாது, இன்ஜின் எந்த வேகத்துல ஓடினாலும் எலக்ட்ரானிக் போர்டு 50-ஐயே குடுத்துட்டு இருக்கும்.

ஜெனரேட்டரைச் சோதிக்க ஹீட்டர் மாட்டிப் பாக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. 1000 வாட்ஸ்னு போட்ட ஹீட்டர் 230 வோல்ட்லதான் 1000. ஜெனரேட்டர்ல 210 தான் வருதுன்னா அது 834 வாட்ஸ்தான் எடுக்குது. ஜெனரேட்டர் சொகமா ஓடுதேன்னு நீங்க சந்தோஷப்படுறப்ப லோடு அங்க கொறைஞ்சு போயிருக்கும், வோல்ட்டேஜைப் பார்க்காம ஹீட்டர் சோதனை பண்றதுல அர்த்தமே இல்ல.

கேள்வி: 5 கேவிஏ த்ரீ பேஸ் செட். மொத்தமா 10 ஆம்பியர்தான் எடுக்குறேன், ஒரு பேஸ் பிரேக்கர் மட்டும் விழுந்துட்டே இருக்கு.

10 ஆம்பியரையும் ஒரே பேஸ்ல மாட்டியிருக்கீங்க. 5-ஐ மூணா பிரிச்சா ஒரு பேஸுக்கு 1.67 கேவிஏ, 7.2 ஆம்பியர்தான். கிளாம்ப் மீட்டரை மூணு பேஸ்லயும் தனித்தனியா போட்டுப் பார்த்து லோடைப் பிரிச்சு விடுங்க.

கேள்வி: ஜெனரேட்டர் பிரேக்கர் ஒரு நாளும் விழுந்ததில்ல. அப்ப ஓவர்லோடு இல்லன்னுதானே அர்த்தம்? எதுக்கு அளக்கணும்?

அப்படி இல்லீங்க. அந்த பிரேக்கர் பெரும்பாலும் சூட்டுல வேலை செய்யுற ரகம், 10, 15 சதவீதம் அதிகம் போனா உடனே விழாது, ரொம்ப நேரம் பொறுத்துக்கும், சில சமயம் விழவே விழாது. அதுவரைக்கும் காயில் சூடாயிட்டே இருக்கும். அதோட பிரேக்கர் பாக்குறது ஆம்பியரை மட்டும்தான், இன்ஜின் நிலைமை அதுக்குத் தெரியாது. மலை மேல காத்து அடர்த்தி கம்மி, 1000 மீட்டர் ஏறினா சாதாரண இன்ஜினுக்குக் கிட்டத்தட்ட 10 சதவீதம் சக்தி போயிடும். கடும் வெயில்லயும் கொஞ்சம் குறையும், பெட்ரோலுக்குப் பதில் கேஸ்ல ஓட்டினாலும் குறையும். பிளேட்ல இருக்கிற நம்பர் இது எதையும் சேர்த்துச் சொல்றதில்ல, நீங்கதான் கழிச்சுக்கணும்.

கேள்வி: ஒரு விசித்திரம் சார். கரண்ட் போய் ரொம்ப நேரம் கழிச்சு ஜெனரேட்டர் போட்டா கிளாம்ப் மீட்டர்ல 5 ஆம்பியர் காட்டுது. கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா அதே ஃபேனு, அதே லைட்டுதான், ஆனா 3 தான் காட்டுது. எதையும் அணைக்கல.

வீட்ல பேட்டரி இன்வெர்ட்டர் இருக்குன்னு நீங்க எழுதல, ஆனா இருக்கு, அடிச்சுச் சொல்றேன். கரண்ட் இல்லாத நேரம் பூரா பேட்டரி காலியாயிருக்கும், ஜெனரேட்டர் வந்ததும் இன்வெர்ட்டர் அதை மெயின் கரண்டுன்னு நினைச்சு சார்ஜ் ஏத்த ஆரம்பிச்சிடும். 12 வோல்ட் பேட்டரிக்கு 15 ஆம்பியர் ஏத்துறதுன்னா பேட்டரிக்கே 210 வாட்ஸ் போகணும், சார்ஜர்ல வீணாறதையும் மட்டமான பவர் ஃபேக்டரையும் சேர்த்தா ஜெனரேட்டர் பக்கம் 400 விஏ கிட்ட வந்துடும். அப்புறம் வீட்ல ஃப்ரிட்ஜ் இருந்தா அது உள்ள சூடாகிப் போயிருக்கும், விடாம ஓடும், சாதாரணமா ஓடி நின்னு ஓடி நின்னு பழகினது. ரெண்டும் சேர்ந்துதான் அந்த 2 ஆம்பியர். ஜெனரேட்டர் போட்ட உடனே எடுக்கிற ரீடிங்தான் உங்க நிஜமான உச்சம், அதை வெச்சே முடிவு பண்ணுங்க. மோட்டார் போட வேண்டியிருந்தா இன்வெர்ட்டரோட மெயின் பிளக்கை அதுவரைக்கும் கழட்டி வெச்சிடுங்க.

கேள்வி: ரெண்டு பக்கமும் பின் வெச்ச ஒயர் பண்ணி, சுவர் சாக்கெட் வழியா வீட்டுக்கு ஜெனரேட்டர் கரண்ட் குடுத்துட்டு, மெயின் போர்டுல கிளாம்ப் மீட்டர் போட்டு அளக்கலாமா?

கூடவே கூடாது. மெயின் சுவிட்சை அணைக்க ஒரு தடவ மறந்தாலும் உங்க ஜெனரேட்டர் கரண்ட் வெளிய லைனுக்கு ஏறி, டிரான்ஸ்ஃபார்மர்ல தலைகீழா போய் ஆயிரக்கணக்கான வோல்ட்டா மாறிடும், கம்பத்துல கரண்ட் இல்லன்னு நம்பி வேலை பாக்குறவர் உயிர் போயிடும். அந்த ஒயர்ல ஒரு பக்கம் சொருகியிருந்தா மறுபக்கப் பின் வெறும் கரண்டோட வெளிய நீட்டிட்டு இருக்கும், அது வேற. எலக்ட்ரீஷியனை வெச்சு சேஞ்ச்ஓவர் சுவிட்ச், அதாவது வீட்டை ஒண்ணு மெயின் லைனோட இல்லன்னா ஜெனரேட்டரோட மட்டும் சேர்க்கிற சுவிட்ச், போடுங்க, போட்டப்புறம் அதுல இருந்து போர்டுக்கு வர்ற பேஸ் ஒயர்லயே கிளாம்ப் மாட்டிக்கலாம். அளக்க வசதியா இருக்குன்னு ஜெனரேட்டரை உள்ள, வராண்டாவுல, ஜன்னல் பக்கத்துல எல்லாம் இழுத்துட்டு வராதீங்க, புகைல இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. 20 அடியாவது தள்ளி வெளிய இருக்கட்டும், தடிமனான கேபிளைப் போட்டு இழுத்துக்கோங்க.

கேள்வி: ராத்திரி ரெண்டு ஃபேன், ஒரு லைட்டு மட்டும்தான் ஓடும், 1 ஆம்பியர் கூட வராது. 5 கேவிஏ டீசல் செட்டுக்கு இது சுகம்தானே, ஆயுசு கூடும்ல?

தலைகீழ். டீசல் இன்ஜின் 30 சதவீதத்துக்குக் கம்மியா நாள் கணக்குல ஓடினா சரியா சூடேறாது, டீசல் முழுசா எரியாம சைலன்சர்ல கருப்பா பிசுபிசுன்னு வடியும், இன்ஜெக்டர்ல கரி பிடிக்கும். டீசலும் மிச்சமாகாது, லோடு இருந்தாலும் இல்லைன்னாலும் இன்ஜின் அதே வேகத்துல சுத்தணும், அந்தச் சுத்துறதுக்கே தனிச் செலவு. 1 ஆம்பியர் லோடை பேட்டரி இன்வெர்ட்டர்ல ஓட்டுங்க, பேட்டரி சார்ஜ், தண்ணி மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாத்தையும் ஒரே நேரத்துக்கு ஒதுக்கி ஜெனரேட்டரை அப்ப மட்டும் போடுங்க, போட்டு ஒவ்வொண்ணா ஏத்தி கிளாம்ப் மீட்டர்ல 15, 16 ஆம்பியர் பக்கம் வருதான்னு பாருங்க. உங்க செட் சிங்கிள் பேஸ்னு எடுத்துக்கிட்டுச் சொல்றேன், த்ரீ பேஸ்னா மேல அந்த 7.2 கணக்கைப் படிச்சுக்கோங்க.